மறு: ஏப்ஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

தேவாலயக் கூடத்தின் கோடியில் அரைவட்டமாக வளைந்து நிற்கும் பகுதியை ஆங்கிலத்தில் ஏப்ஸ் (apse) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கருவறை, அரைவட்டக் கருவறை, தூங்கானை மாடம். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் மூன்றுமே பொருந்துவது போலத்தான் இருக்கும். அதனால் ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு அதில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன்.

ஸ்பெயினின் காத்தலோனியாவில், பைரனீஸ் மலையின் போயி பள்ளத்தாக்கில், தவூல் என்று ஒரு சிற்றூர். அதன் ஓரத்தில் நிற்கும் சாந்த் கிளிமென்ட் தேவாலயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆறடுக்கு மணிக்கோபுரம், கருங்கல் சுவர், பலகைக்கல் வேய்ந்த மரக்கூரை. 1123 டிசம்பர் 10 அன்று ரோடா மறைமாவட்டத்தின் ஆயர் ரமோன் இதை அர்ச்சித்தார். மறுநாளே அதே ஊரில் சாந்தா மரியா தேவாலயத்தையும் அர்ச்சித்திருக்கிறார். அத்தனை சின்ன ஊருக்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு கோவில்! எரில் பிரபுக்கள் போரில் சேர்த்த பணம் இதற்குப் பின்னால் இருந்தது என்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ரோமனெஸ்க் என்ற இடைக்கால ஐரோப்பியப் பாணியில் கட்டிய ஒன்பது தேவாலயங்களையும் யுனெஸ்கோ 2000-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

உள்ளே போனால் நீளமான கூடம். உருண்டைத் தூண்கள் அதை மூன்று பத்தியாகப் பிரிக்கின்றன. கிழக்குக் கோடியில் ஒவ்வொரு பத்தியும் அரைவட்டமாக வளைந்த சுவரில் முடிகிறது. அந்த வளைவுகள்தான் ஏப்ஸ். நடுவில் பெரியது ஒன்று, இருபுறமும் சிறியவை இரண்டு.

ஒருவர் கேட்டிருந்தார்: தேவாலயத்தின் புனிதமான இடம் அதுதானே, கருவறை என்பதில் என்ன குறை?

குறை இரண்டு. நம் கருவறை மூடிய அறை. சிறிய வாசல், உள்ளே இருட்டு, அர்ச்சகருக்கு மட்டும் இடம். ஏப்ஸுக்குக் கதவே கிடையாது. கூடத்தில் நிற்கும் எல்லோருடைய கண்ணும் அதன்மேல் விழ வேண்டும் என்றுதான் கட்டுகிறார்கள். இன்னொன்று, வழிபாடு நடக்கும் இடத்துக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் பீடம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஏப்ஸ் என்பது அந்த இடத்தின் வடிவம். இரண்டையும் குழப்பக் கூடாது.

இதை இந்தக் கோவிலே அழகாக நிரூபிக்கிறது. நடு ஏப்ஸில் கையில் திறந்த புத்தகத்தோடு கிறிஸ்து அமர்ந்திருக்கும் ஓவியம் உலகப் புகழ் பெற்றது. புத்தகத்தில் 'உலகின் ஒளி நானே' என்று இலத்தீனில் இருக்கும். ஆனால் அசல் இப்போது தவூலில் இல்லை. பக்கத்து வட்டாரத்தில் மூர் என்ற ஊர்த் தேவாலயத்தின் சுவரோவியம் வியாபாரிகள் கைக்குப் போய், கடைசியில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தது. மற்றவையாவது மிஞ்சட்டும் என்று 1919 முதல் 1923 வரை, இத்தாலியிலிருந்து கைதேர்ந்தவர்களை வரவழைத்து, இந்த மலைக் கோவில்களின் ஓவியங்களைப் பார்சிலோனாவுக்குக் கொண்டுபோனார்கள். ஓவியத்தின்மேல் விலங்குப் பசை தடவித் துணியை ஒட்டி, காய்ந்ததும் துணியைப் பிரித்தால், வண்ணப் படலம் சுவரைவிட்டுத் துணியோடு உரிந்து வந்துவிடும். சுருட்டிக் கழுதைமேல் ஏற்ற வேண்டியதுதான்.

வளைந்த சுவருக்கு வரைந்ததைத் தட்டையாகத் தொங்கவிட முடியுமா? பார்சிலோனா அருங்காட்சியகத்தில் மரச்சட்டத்தால் அதே வளைவைச் செய்து, அதன் உள்பக்கத்தில் ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் சுற்றிப் போனால் வெறும் மரச்சட்டம் தெரியும். தேவாலயம் இல்லை, பீடம் இல்லை, பூசை இல்லை. ஏப்ஸ் மட்டும் நிற்கிறது. அதைக் கருவறை என்று எந்த வாயால் சொல்வது? தவூலிலோ நேர்மாறு. விளக்கை அணைத்துவிட்டு, வெறுமையான வளைவின்மேல் ஓவியத்தை ஒளிப்படமாகப் பாய்ச்சுகிறார்கள். கோடுகள் முதலில் வரும், அப்புறம் வண்ணம். நமக்கு வேண்டிய சொல் இந்த இரண்டு இடத்திலும் நிற்க வேண்டும்.

தூங்கானை மாடத்துக்கு வருவோம். என் முதல் ஓட்டும் அதற்குத்தான் இருந்தது. பெண்ணாகடம் கோவிலின் பெயரே அது, மாமல்லபுரத்துச் சகாதேவ ரதமும் அந்த வடிவம்தான். ஆனால் அது ஒரு முழுக் கட்டடத்தின் வடிவம்; விமானமே படுத்த யானையின் பின்புறம் போல வளையும். ஏப்ஸ் ஒரு நீள்கூடத்தின் கோடியில் ஒட்டி நிற்கும் உறுப்பு. தவிர, சாந்த் கிளிமென்டில் மூன்று இருக்கின்றன. 'முத்தூங்கானைத் தேவாலயம்' என்று எழுதிப் பாருங்கள், பின்சுவரோரம் மூன்று யானை வரிசையாகப் படுத்திருப்பதாகத்தான் வாசகர் நினைப்பார். சொல் நல்ல சொல், அதன் இடத்தில் இருக்கட்டும்.

என் முன்மொழிவு: பிறைமாடம்.

தரைப்படத்தில் அந்தச் சுவரை வரைந்தால் பிறைதான் கிடைக்கும். வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கும் குழிவை மாடப்பிறை என்கிறோம், ஆக வளைந்து உள்வாங்கிய இடம் என்ற பொருள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கூட்டுச்சொல்லும் தடையில்லாமல் வரும்: நடுப்பிறை, பக்கப்பிறை, முப்பிறைத் தேவாலயம். கலைச்சொல்லை நான் முதலில் சோதிப்பது இந்த இடத்தில்தான்.

——

ஐயா, வணக்கம்.

பிறைமாடம் காதுக்கு நன்றாக இருக்கிறது. இரண்டு ஐயங்கள். பிறை என்றதும் பள்ளிவாசல் நினைவு வராதா? அப்புறம், ஏப்ஸின் மேலே பாதிக் கவிழ்ந்த கூரை இருக்கிறதே, ஓவியத்தின் முக்கியமான பகுதி அங்கேதான். அதற்குத் தனிச்சொல் வேண்டாமா? கிரேக்க மூலச்சொல்லுக்குச் சக்கரத்தின் விளிம்பு என்றும் பொருள் உண்டு. மாட்டுவண்டிச் சக்கரத்தில் அதை வட்டை என்போம். 'வட்டைமாடம்' என்று வைத்தால் மூலத்துக்கும் நெருக்கமாகுமே?

——

வணக்கம் அம்மா.

வட்டைமாடம் ஆசையைக் கிளப்புகிறது, மறுக்க மனமில்லை. ஆனால் வண்டிப் பட்டறை தெரியாத தலைமுறைக்கு வட்டை என்றால் வட்டம் என்றே படும். முழுவட்டக் கட்டடம் என்று எடுத்துக்கொள்வார்கள். மூலத்தோடு ஒட்ட வேண்டும் என்ற கட்டாயமும் எனக்கில்லை. ரோமனெஸ்க் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: அந்தப் பாணிக்கு 'ரோமன்' என்ற பெயரை 1818-இல் ஜெர்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் தன் கடிதம் ஒன்றில் எழுதினார். கட்டிய கொத்தனார்கள் அதைக் கேட்டதே இல்லை.

பள்ளிவாசல் நினைவு வந்தால் வரட்டும். தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராபும் சுவரில் உள்வாங்கிய வளைவுதான், வடிவத்தில் நெருங்கிய உறவு. பிறைசூடியைப் பாடிய மொழியில் பிறை ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை.

கூரை பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. குவிமாடத்தின் பாதி என்பதால் அரைக்குவிமாடம் போதும். சாந்த் கிளிமென்டில் கிறிஸ்து இருப்பது அரைக்குவிமாடத்தில், அவருக்குக் கீழே மரியாளும் திருத்தூதர்களும் இருப்பது பிறைச்சுவரில். இப்படிப் பிரித்து எழுதினால் ஓவிய விளக்கமும் எளிதாகிறது.

வேறு மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்து, பிறைமாடத்தின் வெளிச்சுவரில் கூரைக்குக் கீழே வரிசையாக ஓடும் சின்னஞ்சிறு வளைவுகள். திறப்பில்லாமல் அலங்காரத்துக்கு மட்டும் இருப்பவை. ஒருவர் 'குருட்டு வளைவு' என்று எழுதியிருந்தார், எனக்கு அது ஒட்டவில்லை. 'பொய்வளைவு' எப்படி?