தோட்ட விளக்கில் கடைசி மூன்று மட்டும் மங்குகிறது, யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. நடைபாதை ஓரமாக 12 வோல்ட் எல்இடி விளக்குகள் எட்டு, ஒவ்வொன்றும் 5 வாட், ஒரே ஒயரில் வரிசையாக. டிரான்ஸ்பார்மர் 150 வாட், அதனால் ஓவர்லோடு இல்லை. முதல் ஐந்தும் பளிச்சென்று எரிகின்றன. ஆறாவதிலிருந்து அழுது வடிகிறது. மழை பெய்த இரவுகளில் மினுக்கென்று கண்சிமிட்டல் வேறு.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மரில் 12.1, ஐந்தாவதில் 11.4, ஆறாவதில் திடீரென்று 8.6. இடையில் நாலே மீட்டர்தான். ஒயர் நீளத்தால் வரும் இழப்பென்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குறையும்? ஜாயின்ட்தான் என்று தோண்டினேன். ஒயரைக் குத்திப் பிடிக்கும் கிளிப் கனெக்டர், உள்ளே பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. (விற்கும்போது அதைத்தான் வாட்டர்ப்ரூஃப் என்றார்கள்!) வெட்டி எறிந்துவிட்டு கிரீஸ் நிரப்பிய கனெக்டர் போட்டேன். 10.9 வந்தது. அடுத்த மழையில் மறுபடி 9.

இப்போது ஒயரை உரித்தால் உள்ளே செம்பு இழைகள் கறுத்திருக்கின்றன. இரண்டு அங்குலம் வெட்டியும் கறுப்புதான். தண்ணீர் உறைக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்குமோ?

என் கேள்வி: பளபள செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போகலாமா, இல்லை கடைசி மூன்றுக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்தே தனி ஒயர் இழுப்பது நல்லதா? டிரான்ஸ்பார்மரிலேயே உள்ள 15 வோல்ட் முனைக்கு ஒயரை மாற்றச் சொல்கிறார் ஒருவர். முன்னால் இருக்கும் விளக்குகள் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.