ஏ6 அட்டையில் ரசிகர் ஓவியம்: கோடு கலையுது, முகம் அழுக்காகுது

மைத்துளி:
பிடிச்ச அனிமே, கேம் கதாபாத்திரங்களை ஏ6 அட்டையில வாட்டர்கலர்ல வரையறேன். ராத்திரி ஒரு மணி நேரம் இதுக்குன்னே ஒதுக்கியிருக்கேன், மனசு அடங்குற நேரம் அது. ஆனா கலர் பட்டதும் மைக்கோடு கரைஞ்சு கன்னமெல்லாம் சாம்பல் ஆகுது. தாள் நெளியுது. கருத்த தோல் நிறம் கலக்கும்போது அழுக்கு மாதிரி வருது. பேனா: சாதாரண ஜெல் பேனா. தாள்: 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கற கனம்) ஸ்கெட்ச்புக். எதை முதல்ல மாத்தணும்?

ஈரத்தாள்:
முதல்ல பேனா. ஜெல் பேனா, சாதாரண ஸ்கெட்ச் பேனா பலதுலயும் இருக்குறது டை மை, அதாவது கரையற சாயம், தண்ணி பட்டா ஓடும். பிக்மென்ட் மை (கரையாத நிறமித் தூள் கலந்த மை) இருக்குற ஃபைன்லைனர், அதாவது மெல்லிய முனைப் பேனா வாங்குங்க. மேல 'வாட்டர்ப்ரூஃப்'னு இருக்கணும். 'பெர்மனென்ட்'னு மட்டும் போட்டிருந்தா நம்ப வேண்டாம். ஏ6 முகத்துக்கு 0.1 முனை, முடிக்கும் உடைக்கும் 0.3 போதும். வாட்டர்ப்ரூஃப் மையும் காயறதுக்கு முன்னாடி கரையும். கோடு போட்டு அரை மணி நேரம் விடுங்க, கண்ணிமை மாதிரி தடிப்பா நிரப்பின இடம் இருந்தா இன்னும் கூட. அதே தாளோட ஓரத்துண்டுல ஒரு கோடு போட்டு, ஈரத்தூரிகையால மூணு தடவை தேய்ச்சுப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

பென்சில் கோட்டை மை காய்ஞ்ச பிறகு, கலருக்கு முன்னாடி அழிச்சிடுங்க. கலருக்கு அடியில மாட்டின பென்சில் பிறகு சரியா அழியாது.

தாள் 300 ஜிஎஸ்எம், முடிஞ்சா முழுப் பருத்தி. ஒரு ஏ4 தாளை வெட்டினா நாலு அட்டை. நாலையும் ஒரே பலகையில ஒட்டி, ஒண்ணு காயறப்போ அடுத்ததைத் தொடுங்க. ஒரே அட்டையை அவசரமா முடிக்கப் போறதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். மாஸ்கிங் டேப்பை நாலு பக்கமும் 5 மில்லிமீட்டர் ஒட்டுங்க. உரிக்கும்போது படத்துக்கு வெளிப்பக்கமா, சாய்வா, மெதுவா. தாளோட மேல்பரப்பு பிய்ஞ்சா நிறுத்திட்டு, ஹேர் டிரையரால டேப்பைச் சூடாக்குங்க, பசை இளகும்.

ஏற்கெனவே நெளிஞ்ச அட்டைக்குப் பின்பக்கம் மட்டும் லேசா தண்ணி தெளிச்சு, உறிஞ்சுதாள் ரெண்டுக்கு நடுவுல வெச்சு, கனமான புத்தகங்களை மேல அடுக்கி ஒரு ராத்திரி விடுங்க.

காவிநிறம்:
தோல் நிறம் அழுக்காவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ஒன்று, ஒரே கலவையில் நான்கைந்து நிறமிகள் சேர்வது. டியூபின் பின்பக்கம் நிறமி எண் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு எண் மட்டுமே உள்ள டியூப்களை எடுத்தால், இரண்டு டியூப் கலந்தாலும் இரண்டே நிறமிதான். மூன்று எண்கள் உள்ள 'பிரவுன்' ஒன்றில் இன்னொரு நிறம் சேர்த்தாலே நான்கு ஆகிவிடும்.

கருத்த தோலுக்கு பர்ன்ட் சியென்னாவும் அல்ட்ராமெரின் நீலமும் (பிபி29) போதும். முதல் பூச்சு சியென்னாவை நீர்த்து. நிழலுக்கு அதே சியென்னாவைக் கெட்டியாக எடுத்து, தூரிகை நுனியளவு நீலம். நீலம் கூடினால் சாம்பலாகும், அப்போது சியென்னாவைக் கூட்டுங்கள். கறுப்பைச் சேர்க்காதீர்கள், தோல் உயிரில்லாமல் போகும். மூக்கு நுனி, காது மடல், விரல் மூட்டுகளில் மட்டும் குயினாக்ரிடோன் ரோஸ் (பிவி19) ஒரு துளி.

இரண்டாவது காரணம், தொடும் நேரம். ஈரப் பூச்சு முதலில் பளபளக்கும். பளபளப்பு அடங்கி மங்கலாகும் அந்தச் சில நிமிடங்களில் தூரிகை வைத்தால், புதிய தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளி காலிஃபிளவர் வடிவில் கறை போடும். காய்ந்ததா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு.

கண்ணின் வெள்ளைப் பொட்டுக்கு மாஸ்கிங் திரவத்தைவிட (நிறம் படாமல் தாளை மறைக்கும் பசை) வெள்ளை குவாஷே (அடிநிறத்தை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. பால்போல் ஓடாமல் தயிர்போல் இருக்கட்டும். வெள்ளை ஜெல் பேனா என்றால் முழுதும் காய்ந்த பிறகே, ஈரத்தில் பந்துமுனை அடைத்துக்கொள்ளும்.

இளஞ்சிவப்பு முடியுள்ள பாத்திரத்துக்கு ஓபரா பிங்க் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதிலுள்ள ஒளிரும் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். சுவரில் மாட்டவோ பரிசளிக்கவோ போகிறீர்கள் என்றால் பிஆர்122 என்ற நிறமி எண் மட்டும் உள்ள டியூப்பை எடுங்கள்.

சாய்பலகை:
மேல சொன்னதோட ஒண்ணு. போன்ல பார்த்து வரையறீங்கன்னா நைட் மோடை அணைச்சிடுங்க. திரை மஞ்சளா இருக்கும்போது எடுக்கற தோல் நிறம் காலையில பார்த்தா வேற மாதிரி இருக்கும். விளக்கோட வெளிச்ச நிறம் 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியா காட்டும்ங்கற அளவு) 90க்கு மேல, வரையற கைக்கு எதிர்ப்பக்கம். அப்போதான் கை நிழல் கோட்டு மேல விழாது. பலகையை 15 டிகிரி தூக்கி வெச்சா கழுத்து குனியாது, பூச்சும் சீரா கீழே இறங்கும். தண்ணிக்கு ரெண்டு டம்ளர், ஒண்ணு கழுவ, ஒண்ணு கலக்க. தூரிகையை அதுல நிக்க வெச்சுட்டுப் போகாதீங்க, முடி வளைஞ்சு நுனி கெட்டுடும்.

ஸ்கேன் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி). அப்போ ஏ6 படத்தை ஏ4 அளவுல 300 டிபிஐக்கு அச்சடிக்கலாம்.

மைத்துளி:
ரொம்ப நன்றி. ஒரு டப்பா நிறைய டை மை பேனா இருக்கு. அதைத் தூக்கிப் போடணுமா?

ஈரத்தாள்:
வேண்டாம். கலர் முழுசா காய்ஞ்ச பிறகு மேல கோடு போட அதுவே போதும். இன்னொரு வழியும் இருக்கு: கரையறதையே நிழலாக்குங்க. தாடைக்குக் கீழே, முடிக்கு அடியில கோடு போட்டு, சுத்தமான ஈரத்தூரிகையால ஒரே ஒரு இழுப்பு. ரெண்டாவது தடவை இழுத்தா கோடே போயிடும். கறுப்பு மை சிலதுல நீலமா, ஊதாவா பிரியும், பேனாவுக்குப் பேனா மாறும். அதனால துண்டுத் தாள்ல பார்த்துட்டுப் போடுங்க. இந்த மை வெளிச்சத்துல வெளுக்கும்ங்கறதால அந்த அட்டைகளை மட்டும் ஆல்பத்துக்குள்ள வைங்க.