இலை மேலே சுருண்டதா, கீழே சுருண்டதா?

உருப்பெருக்கி:
“மிளகாயில் பூச்சி வகை கூடக் கூட நாசம்தான். இலை சுருண்டாலே இலைப்பேன், யோசிக்காமல் மருந்தடி” என்று செங்காய் நேற்றுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். சும்மா போக மனம் வரவில்லை. ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன் என்ற குட்டிப் பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பும் நீண்டால் உண்ணி இனத்து மஞ்சள் சிலந்தி. அதற்கு எட்டுக் கால், பூச்சியே கிடையாது.

செங்காய்:
மேலே, கீழே என்று அளந்துகொண்டிருந்தால் செடி மிஞ்சாது ஐயா. ஒரே கிளையில் இரண்டு மாதிரியும் சுருண்டதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு என்ன பதில்?

உருப்பெருக்கி:
இரண்டும் இருக்கிறது என்பதுதான் பதில். வெள்ளைத் தாளைப் பிடித்து நுனிக் கொழுந்தைத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில் துரும்பு போல விழுந்து ஓடுவது இலைப்பேன். சிலந்தியைப் பார்க்க லென்ஸ் வேண்டும். இருக்கிறதா?

மொக்கு:
இரண்டுமே இல்லாமலும் சுருளும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி வந்தால் இலை சிறுத்துச் செடியே குட்டையாகிவிடும். இரு மேதைகளும் அதை விட்டுவிட்டீர்கள்.

செங்காய்:
கேட்டீர்களா! வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன், காய்ப்புழு. வகை கூடினால் நாசம். நான் சொன்னது அதைத்தானே?

உருப்பெருக்கி:
கெட்ட பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? பூவை விரித்தால் ஓரியஸ் என்ற நாவாய்ப்பூச்சி இருக்கும், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஊசி வாயால் இலைப்பேனைக் குத்தி உறிஞ்சிவிடும். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் இந்தக் கூட்டம் ஒழியும், சிலந்தி பெருகும். அப்போது இலை கீழே சுருளும். கீழே!

செங்காய்:
மறுபடியும் கீழேயா? சரி, நடத்துங்கள்.

தேன்கூடு:
தேனீயை யாருமே சொல்லவில்லையே. மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் தேனீ வந்து போனால் காயில் விதை கூடும்.

செங்காய்:
தானே காய்க்கும் என்று நீங்களே சொல்லிவிட்டு அப்புறம் எதற்குத் தேனீ? தக்காளி விவாதத்திலும் இப்படித்தான் குழப்பினீர்கள்.

தேன்கூடு:
தக்காளியை இழுக்காதீர்கள். அங்கே என் பதிவை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்த புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியும்.

மொக்கு:
எனக்கும் தெரியும்.

உருப்பெருக்கி:
உங்கள் பஞ்சாயத்து பிறகு. 2021இல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாயைச் சூறையாடிய கருப்பு இலைப்பேனை எடுத்துக்கொள்ளுங்கள். அது பூவுக்குள் குவியும், பூ கொட்டிப்போகும். இலைப்பேனிலேயே இனத்துக்கு இனம் குணம் மாறும்போது, சுருண்டாலே மருந்து என்றால் எந்த மருந்து? எதற்கு? முதலில் மேலா கீழா என்று பாருங்கள்.

செங்காய்:
இதோ படம் போட்டிருக்கிறேன். மேலேதான் சுருண்டிருக்கிறது. இலைப்பேன். முடிந்ததா?

மொக்கு:
படம் தலைகீழாக இருக்கிறதே. நரம்பு புடைத்துத் தெரிகிறது, அது இலையின் அடிப்பக்கம்.

உருப்பெருக்கி:
ஹா! அப்படியானால் கீழே. சிலந்தி. நான் முதல் வரியிலேயே சொன்னேன்.

செங்காய்:
முதல் வரியில் என்னைத் திட்டித்தான் எழுதியிருந்தீர்கள். படம் நேராகத்தான் இருக்கிறது. போய் லென்ஸைத் துடையுங்கள்.