புறப்படும் நாள் நெருங்கிவிட்ட பிறகு விமானக் கட்டணத்தைப் பேசிக் குறைக்க முடியுமா?

கேள்வி

வணக்கம். சென்ற மாதம் என் தந்தையின் உடல்நிலை திடீரென மோசமானதால், மறுநாளே விமானத்தில் புறப்பட வேண்டியிருந்தது. அதே வழித்தடத்தில் சில வாரங்களுக்கு முன் நான் பார்த்த கட்டணத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். ஏறி அமர்ந்த பின் பார்த்தால் என் வரிசையிலேயே இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. பின்னால் இன்னும் பல இருந்தன. சந்தை கலையும் நேரத்தில் மிஞ்சிய காய்கறியை வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். விமானம் கிளம்பிவிட்டால் காலி இருக்கைக்கும் அதே கதிதானே? கவுன்ட்டரில் நின்று, “இவ்வளவு தருகிறேன், ஓர் இடம் கொடுங்கள்” என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? இதே காரணத்துக்காக மீண்டும் நான் அவசரமாகப் புறப்பட நேரலாம் என்பதால், அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1

தங்கள் தந்தை விரைவில் நலம்பெற வேண்டுகிறேன். டிக்கெட் வழங்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கவுன்ட்டரில் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. அங்கே இருப்பவருக்கு மனம் இருந்தாலும் விலையில் கைவைக்கும் அதிகாரம் கிடையாது. எக்கானமி என்று நாம் ஒன்றாகக் கருதும் வகுப்பு, கணினிக்குள் பல கட்டணப் பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எழுத்தும், தனி விலையும், தனி விதிகளும் உண்டு. அமேடியஸ், சேபர் போன்ற முன்பதிவு வலைப்பின்னல்களில் எந்தப் பிரிவு திறந்திருக்கிறதோ அதைத்தான் ஊழியரும் விற்க முடியும். மலிவான பிரிவுகளில் பலவற்றுக்குப் புறப்பாட்டுக்கு 7, 14 அல்லது 21 நாட்களுக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், இடம் இருந்தும் விலை இறங்குவதில்லை.

காலியாகப் பறந்தாலும் பரவாயில்லை என்று ஏன் விடுகிறார்கள் என்பதுதான் தங்கள் கேள்வியின் சாரம். பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் பணியாற்றிய லிட்டில்வுட் என்பவர் 1972இல் இதற்கு ஒரு கணக்கை முன்வைத்தார். முழுக் கட்டணம் மலிவுக் கட்டணத்தைப் போல் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த இருக்கைக்கு முழுக் கட்டணம் கொடுக்கும் ஒருவர் பின்னால் வருவதற்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருந்தால், இப்போது மலிவாக விற்காமல் வைத்திருப்பதே நிறுவனத்துக்கு லாபம். சில நாட்களில் அந்த ஒருவர் வராமல் போவார்; தங்கள் பக்கத்து இருக்கை அப்படிக் காலியானதாக இருக்கலாம். ஆனால் கடைசி நாளில் விலை விழும் என்பது வழக்கமாகிவிட்டால், முன்கூட்டியே வாங்குவோரும் அலுவலகச் செலவில் பறப்போரும் காத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள். அந்த இழப்போடு ஒப்பிட்டால் பத்து இருக்கை காலியாகப் போவது அவர்களுக்குப் பெரிதல்ல.

பதில் 2

மேலே சொன்னது சரியானதே. எனினும், பேசிப் பார்க்க வழியே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

தங்கள் நிலைமைக்கு மிகவும் பொருந்துவது துயரக் காலச் சலுகைக் கட்டணம். நெருங்கிய உறவினர் இறந்தாலோ, சில நிறுவனங்களில் அவர் உயிருக்குப் போராடும் நிலையில் இருந்தாலோ இதைக் கேட்கலாம். ஏர் கனடா, டெல்டா போன்ற சில நிறுவனங்கள் இதை வழங்கி வந்துள்ளன. பல நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன. பொதுவாகத் தொலைபேசியில்தான் கேட்க வேண்டியிருக்கும். மருத்துவமனையின் பெயர், உறவுமுறை போன்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பயணம் முடிந்த பிறகு கேட்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஏர் கனடாவின் இணைய உரையாடல் மென்பொருள் அப்படித் தவறாகச் சொன்னதை நம்பி ஒருவர் முழுக் கட்டணம் செலுத்தினார். நிறுவனம் மறுக்கவே, அவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2024இல் இழப்பீடு பெற்றார். அவ்வளவு அலைச்சல் யாருக்கும் வேண்டாம். இன்னொன்று: இந்தச் சலுகை எப்போதும் மிகக் குறைந்த விலையாக இருப்பதில்லை. திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ள இடம் தருவதுதான் இதன் உண்மையான பயன். நோயாளியின் அருகில் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று யாரால் முன்பே சொல்ல முடியும்?

முகவர்களிடமும் கேளுங்கள். சிலரிடம் விமான நிறுவனத்தோடு தனியாகப் பேசி வைத்திருக்கும், பொதுவில் வெளியிடப்படாத கட்டணங்கள் இருக்கும். குடும்பமாகப் போவதானால், முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். மலிவான பிரிவில் ஓரிடம்தான் மிஞ்சியிருக்கும்போது நால்வருக்குத் தேடினால், பெரும்பாலும் நால்வருக்குமே அடுத்த பிரிவின் விலைதான் காட்டப்படும்.

பதில் 3

பயணி விலை சொல்லும் முறை ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பிரைஸ்லைன் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் 1998இல் அதைத் தொடங்கியது: போகும் இடத்தையும் தேதியையும் விலையையும் நாம் சொல்ல வேண்டும், எந்த நிறுவனம், எந்த நேரம் என்பது விலை ஏற்கப்பட்ட பிறகே தெரியும். விமான டிக்கெட்டுகளுக்கு அது 2016இல் நிறுத்தப்பட்டது. இப்போது எஞ்சியிருப்பது, ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர் உயர்வகுப்புக்கு மாற ஏலத்தொகை குறிப்பிடும் முறைதான். அவசரப் பயணிக்கு அதனால் பணம் மிச்சமாகாது.

விமான நிலையத்தில் பேரம் நடக்கும் இடம் வேறொன்று உண்டு. இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்ட நிறுவனம், அடுத்த விமானத்தில் வரச் சம்மதிப்பவர்களைத் தேடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதிமுறை, இப்படி விட்டுக்கொடுப்பவருக்கு என்ன தருவது என்பதைப் பயணியும் நிறுவனமும் பேசி முடிவு செய்யலாம் என்றே சொல்கிறது. விருப்பமில்லாதவரை இறக்கினால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. முதலில் சொல்லும் தொகைக்கே தலையாட்ட வேண்டியதில்லை. தந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தங்களுக்கு அவசரமில்லை என்றால், இந்த வாய்ப்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தந்தை இப்போது வீடு திரும்பிவிட்டார். நான் வழக்கமாகப் பறக்கும் நிறுவனத்தில் துயரக் காலச் சலுகை இல்லை என்பதை இன்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடிக்கடி பறப்பவர்களுக்கு நிறுவனம் தரும் மைல் புள்ளிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன்; அவற்றைக் கடைசி நேரத்தில் பயன்படுத்த முடியுமா?

பதில் 1

பல நேரங்களில் முடியும். விற்காது என்று தெரிந்த இருக்கைகளைச் சில நிறுவனங்கள் புறப்பாட்டுக்குச் சில நாட்கள் முன்பு புள்ளிகளுக்குத் திறந்துவிடுவதுண்டு. புள்ளிகளின் அளவு பணக் கட்டணத்தோடு சேர்ந்து ஏறாத நிறுவனமாக இருந்தால், தங்களைப் போன்றோருக்கு அதுவே மிகப் பெரிய ஆறுதல். அவற்றை விடுமுறைப் பயணத்தில் செலவழித்துவிடாமல், தந்தையைப் பார்க்கப் போவதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். எப்போது காலாவதியாகின்றன என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.