வேம்பும் மாவும் நிழல் தரும் வாசலில் கார்: பெயின்ட்டைக் காப்பது எப்படி?

பாளை வாசி:

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில், கார் நிறுத்த இருக்கும் ஒரே இடம் வாசலிலுள்ள வேப்பமரத்தடிதான். பக்கத்து வீட்டு மாமரத்தின் கொப்பு ஒன்றும் மதிலைத் தாண்டி அதே இடத்துக்கு மேலே நீண்டிருக்கிறது. கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, அடர்நீல நிறம். தை பிறந்ததிலிருந்து தினமும் காலையில் பானட், கூரை, முன்கண்ணாடி எங்கும் பிசினைத் தெளித்ததுபோல் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கிறது. அதன்மேல் மைனாக்களும் காகங்களும் இடும் எச்சம் வேறு. சென்ற வாரம் ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டிருந்தேன். அங்கிருந்த பையன், காய்ந்த எச்சத்தைத் தின்னரில் நனைத்த பனியன் துணியால் அழுத்தித் தேய்த்துவிட்டான். எச்சம் போய்விட்டது, ஆனால் பானட்டில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஓரிடம் மங்கி, சாய்த்துப் பார்த்தால் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது. மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டுக்கார ஆச்சியும் அதற்கு இசைய மாட்டார். பெயின்ட்டின்மேல் காப்புப் படலமாகப் பூசும் செராமிக் கோட்டிங் போட்டால் இந்தத் தொல்லை தீருமா, அல்லது கவர் வாங்கி மூடினால் போதுமா?

தச்சை பெயின்டர்:

அண்ணாச்சி, தை, மாசியில் மாமரத்தடியில் பொடித்துளியாக விழுவது பெரும்பாலும் மரத்தின் பிசின் அன்று. மாம்பூவில் அடையும் தத்துப்பூச்சி, சாற்றை உறிஞ்சியபின் வெளியேற்றும் சர்க்கரைத் திரவம் அது. அந்தக் கொப்பின் இலைகள் கரி பூசியதுபோல் கறுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் திரவத்தின்மேல் வளரும் பூஞ்சைதான் அந்தக் கறுப்பு. சர்க்கரை என்பதால் வெதுவெதுப்பான நீரும் கார் ஷாம்பும் போதும். வேப்பம்பிசினும் நீரில் ஊறினால் இளகிவிடும். மாங்காய்க் காம்பு ஒடியும்போது வடியும் பால்தான் வேறு வகை; எண்ணெய்ப்பசை கலந்த அது தோலில் பட்டாலே புண்ணாக்கும். காய் உதிரும் காலத்தில் அது காரில் விழுந்து நீருக்கு அசையவில்லை என்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துச் சில நொடி ஒற்றி எடுத்துவிட்டு, உடனே நீர் விட்டுக் கழுவுங்கள். அது அந்த இடத்து மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால், பிறகு அங்கு மட்டும் மெழுகு பூச வேண்டும்.

எச்சத்தின் கதை இதைவிடக் கடுமையானது. அதிலுள்ள வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அது நீரில் எளிதில் கரையாது. பகல் வெயிலில் காரின் கிளியர் கோட் (நிறத்தின்மேல் பூசியிருக்கும் நிறமற்ற மேற்பூச்சு) சூடேறிச் சற்று இளகி விரியும்போது, மேலே கிடக்கும் எச்சம் காய்ந்து கல்லாகிறது. மாலையில் தகடு குளிர்ந்து சுருங்கும்போது கிளியர் கோட் அந்தக் கரடுமுரடான உருவத்தைப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. அமிலம் அரிப்பது ஒருபுறம், இந்த அச்சு விழுவது மறுபுறம். உங்களுடையதைப் போன்ற அடர்நிறம் கூடுதலாகச் சூடேறும் என்பதால், நம் ஊர் வெயிலில் காலையில் விழுந்த எச்சத்தை மாலைவரை விட்டுவைக்கக் கூடாது. பறவை தின்ற விதையும் மண்துகளும் அதில் இருக்கும். காய்ந்த நிலையில் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். தண்ணீர் ஊற்றி, நன்கு நனைத்த மைக்ரோஃபைபர் துணியை அதன்மேல் போர்த்திப் பத்து நிமிடம் விட்டுவிட்டு, துணியோடு சேர்த்து மேல்நோக்கிக் கிள்ளி எடுங்கள். பக்கவாட்டில் இழுக்க வேண்டாம். போர்வெல் தண்ணீர் என்றால் காயவிடாமல் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உப்புப் பொட்டு நிற்கும்.

செங்கோட்டைச் சாரல்:

கவர் பற்றி ஒரு சொல். ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வரும் காற்றை அறிந்தவர்கள், திறந்த வாசலில் தளர்வான கவரைப் போட மாட்டார்கள். கவருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் சிக்கிய புழுதியைக் காற்று இரவு முழுவதும் தேய்த்துக்கொண்டே இருக்கும்; என் பழைய காரின் கூரை ஓரம் அப்படித்தான் மங்கியது. கழுவித் துடைத்த கார்மேல் மட்டும், அடியில் பட்டை போட்டு இறுக்கக்கூடிய கவராக இருந்தால் போடுங்கள்.

பாளை வாசி:

இலைகளைப் பார்த்தேன், அப்படியே கறுத்திருக்கின்றன. இன்று காலை வெதுவெதுப்பான நீரில் ஒரு துளிகூட மிஞ்சாமல் போய்விட்டது. இத்தனை நாள் அதைப் பிசின் என்று நம்பி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செராமிக் கோட்டிங், பானட்டிலுள்ள சாம்பல் பொட்டு, இவ்விரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

நாங்குநேரி ஆசிரியர்:

வேலை நிமித்தம் வாரத்தில் இரண்டு நாள் கூந்தன்குளத்தில் கார் நிறுத்துபவன் நான். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். மரத்தடியில் சேரும் எச்சத்தை ஊரார் வயலுக்கு எருவாக எடுத்துச் செல்வார்கள். என் காருக்கும் அந்த எரு தாராளமாகவே கிடைக்கிறது. செராமிக் கோட்டிங் போட்டு இரண்டு ஆண்டுகள் ஆயின. எச்சம் எளிதில் கழன்று வருவது உண்மை. ஆனால் ஒருமுறை கோடை விடுமுறையில் மூன்று நாள் கழுவாமல் விட்டதில், கோட்டிங்கையும் மீறி இடது கதவில் வட்டமாக ஒரு தழும்பு விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மூடியில் துளையிட்ட ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு துணிகளும் கதவுப் பையிலேயே இருக்கின்றன. கோட்டிங்கைவிட அந்தப் பாட்டில்தான் அதிகம் உதவியிருக்கிறது என்பேன்.

தச்சை பெயின்டர்:

ஆசிரியர் சொல்வது சரி. செராமிக் படலம் மிக மெல்லியது; கழுவுவதைச் சுலபமாக்குமே தவிர, எச்சத்தைக் கிடக்கவிட அனுமதி தராது. பணம் செலவழிக்க மனமிருந்தால், பானட்டுக்கும் கூரைக்கும் மட்டும் பிபிஎஃப் என்னும் தடித்த ஒட்டுப்படலம் போடலாம். அவ்வளவு வேண்டாம் என்றால் சில மாதங்கள் தாங்கும் சீலன்ட் என்னும் காப்புப் பூச்சைப் பூசினாலே போதும். வெறும் மெழுகு நம் வெயிலில் சில வாரங்களுக்குமேல் நிற்பதில்லை.

சாம்பல் பொட்டின்மேல் யாரையும் ரப்பிங் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைப் போட விடாதீர்கள். கிளியர் கோட்டே பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான். முரட்டுக் காம்பவுண்ட் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கொஞ்சம் சீவி எடுத்துவிடும். தின்னர் மேற்பரப்பை மட்டும் மங்கச் செய்திருந்தால் நைஸ் பாலிஷிலேயே தெளியும். முதலில் பெயின்ட் கேஜ் வைத்துத் தடிமனைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பாலிஷ் போடுபவரிடம் காலை ஒன்பது மணிக்கு முன்னால் கொண்டுபோங்கள். வெயில் ஏறிவிட்டால் பானட் சூட்டில் பாலிஷ் பூசும்போதே காய்ந்துபோகும்.