குதிகாலுக்கு 19 மில்லி

குழு: பாதிரிப்புலியூர் வீடு

சனிக்கிழமை

நான் (இரவு 8.12): எல்லாரும் ஒரு நிமிஷம். ஸ்குவாட் பண்றதுக்குன்னே ஒரு ஷூ வாங்கலாம்னு இருக்கேன். வெயிட்லிஃப்டிங் ஷூ. மூணு நாளா போன்ல பார்த்துப் பார்த்துக் குழப்பம்தான் மிச்சம். சித்தப்பா, நீங்க சொல்றதுதான் முடிவு.

நான் (8.12): (3 படங்கள்)

அம்மா (8.14): தீபாவளிக்குத்தானே லாரன்ஸ் ரோட்டுல ஷூ எடுத்துக் குடுத்தோம். அதுக்கு என்ன ஆச்சு?

நான் (8.15): அது ஓடுறதுக்கு உள்ள ஷூம்மா. அடியில மெத்துமெத்துன்னு இருக்கும். பார்னு சொல்ற எடைக் கம்பியைத் தோள்ல வச்சு உக்காந்து எழுறதுதான் ஸ்குவாட். இந்த ஷூவோட பண்ணா கால் ஆடுது.

அண்ணன் (8.17): ஷூவே வேணாம். வெறுங்கால்ல பண்ணு. இல்லன்னா என்னை மாதிரி தட்டையான கேன்வாஸ் போடு. நான் 120 கிலோ அதுலதான் பண்றேன்.

சித்தப்பா (8.20): சாப்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் எதுக்கும் ஆர்டர் போடாத பாப்பா.

அத்தை (8.33): நாளைக்கு செம்மண்டலம் பக்கம் பகல் முழுக்க கரண்ட் இருக்காதாம். மாவு அரைக்கிறவங்க இன்னைக்கே அரைச்சிடுங்க.

சித்தப்பா (9.05): முதல்ல ஓடுற ஷூவைப் போட்டுக்கிட்டு ஸ்குவாட் பண்றத நாளையிலேர்ந்து நிறுத்து. புது ஷூ வாங்குறது, வாங்காதது அப்புறம். நீ 58 கிலோ, பார் 60 கிலோ. 118 கிலோ அந்த ஃபோம் மேல உக்காருது. அது ஒரே சீரா அமுங்காது. ஒருபக்கம் கூட அமுங்கும், பாதம் உள்பக்கமா சாயும், முட்டியும் அதுகூடவே உள்ள வரும். மெத்தை மேல நின்னுக்கிட்டு அரிசி மூட்டை தூக்குவியா?

நான் (9.06): மாட்டேன் சித்தப்பா

சித்தப்பா (9.09): அவ்ளோதான். அதனால அடி கெட்டியா இருக்கணும்ங்கிறது எல்லாருக்கும் பொது. உங்க அண்ணன் சொல்ற வெறுங்காலும் கேன்வாஸும் அந்த விஷயத்துல சரிதான். குதிகால் உயரமா வேணுமாங்கிறதுதான் ஆளுக்கு ஆள் மாறும். அதை உன் கணுக்கால்தான் சொல்லும். குத்துக்கால் போட்டு உக்காந்து பக்கவாட்டுல ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. வெறுங்கால்ல, குதிகால் தரையில ஒட்டியிருக்கணும்.

நான் (9.18): (வீடியோ)

நான் (9.18): பின்னாடி சாயுறேன். குதிகாலைத் தூக்கினாத்தான் நிக்க முடியுது.

அத்தை (9.21): ஆயா பக்கத்துலதான் இருக்கு, வீடியோவைக் காட்டினேன். இந்த வயசுல அது வாசல்ல குந்திக்கிட்டே அரை மணி நேரம் கோலம் போடுது. பாதம் தரையை விட்டு எழும்பவே இல்ல.

ஆயா (அத்தை போனிலிருந்து குரல் பதிவு, 9.23)

அத்தை (9.24): கேக்காதவங்களுக்கு எழுதிடறேன். "அடுப்படியும் அம்மியும் தரையில இருந்த வரைக்கும் எல்லாரும் குந்தினாங்க. மேடையும் நாற்காலியும் வந்ததுல கால் மரத்துப்போச்சு"ன்னு சொல்லுது.

அக்கா பாண்டி (9.40): கிளினிக்ல இருந்து இப்பத்தான் வந்தேன். ஆயா சொல்றது நெஜம். தினமும் குந்துறவங்களுக்குக் கணுக்கால் நல்லா மடங்கும். பாப்பா, உனக்கு வலது கால்ல கபடியில சுளுக்கினது இன்னும் இருக்குன்னு நினைக்கிறேன். நாளைக்குக் காலைல ஒரு அளவு எடு. சுவத்தைப் பார்த்து நில்லு. கட்டைவிரல் நுனியிலேர்ந்து சுவருக்கு 10 சென்டிமீட்டர் விடு. குதிகால் தரையை விட்டு எழும்பாம முட்டியை முன்னாடி கொண்டுபோய் சுவத்தைத் தொடு. தொட்டுட்டா இன்னும் ஒரு சென்டிமீட்டர் பின்னாடி போ, தொடலன்னா முன்னாடி வா. ரெண்டு காலுக்கும் தனித்தனியா எழுது. ஸ்கேல் வச்சு அள, கண்ணால பார்த்துச் சொல்லாத.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 7.10): இடது 10 சென்டிமீட்டர். வலது 6.

அக்கா பாண்டி (7.52): நினைச்சேன். வலது கால் முன்னாடி போகும்போது எங்க பிடிக்குது? பின்னாடி ஆடுசதையிலா, முன்பக்கம் மடிப்புலயா?

நான் (7.55): பின்னாடிதான். இழுக்குற மாதிரி.

அக்கா பாண்டி (7.58): நல்லது. சதை இறுகியிருக்கு, பழக்கினா இளகும். முன்பக்கம் கிள்ளுற மாதிரி வலிச்சிருந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருப்பேன். படிக்கட்டு விளிம்புல முன்பாதத்தை மட்டும் வச்சு, குதிகாலை மெதுவா கீழ இறக்கி 30 எண்ணு. முட்டி நேரா ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை. காலையும் ராத்திரியும். ஷூ வாங்கினாலும் இதை விடக் கூடாது, சொல்லிட்டேன்.

அண்ணன் (8.20): ஆடுசதை இளகிடும்னா அப்புறம் எதுக்கு ஷூ? பழக்கிட்டு வெறுங்கால்லயே பண்ணட்டுமே.

சித்தப்பா (8.34): நியாயமான கேள்விடா. நீ பாரை எங்க வைக்கிற? தோள்பட்டை எலும்போட மேட்டுக்குச் சத்தே கீழ இறக்கி, காலை அகட்டி, இடுப்பைப் பின்னாடி தள்ளி உக்காருற. அதுல முட்டி அதிகமா முன்னாடி போறதில்ல, கணுக்கால் ரொம்ப மடங்க வேணாம். உனக்குத் தட்டை அடி பொருந்தும். பாப்பா பாரைக் கழுத்துக்குக் கீழ மேல்சதையில வைக்குது. நெஞ்சு நிமிர்ந்து, முட்டி முன்னாடி போய், ஆழமா உக்காரணும். கணுக்கால் மடங்காத ஆளு அப்படி உக்காந்தா என்ன ஆகும்? ஒண்ணு குதிகால் தூக்கும், இல்ல முதுகு குனியும். கணுக்கால் தர வேண்டிய வளைவை முதுகு தரும். நான் பயப்படுறது அதுக்குத்தான்.

அண்ணன் (8.36): அது சரி சித்தப்பா. என் காலை வச்சு அதுக்குச் சொல்லிட்டேன்.

சித்தப்பா (8.41): பளுதூக்குறவங்க ஷூவுக்குக் குதிகால் வந்ததே இதுக்காகத்தான். தலைக்கு மேல பாரைப் பிடிச்சுக்கிட்டுத் தரையோட தரையா உக்காரணும். நெஞ்சு கொஞ்சம் சாய்ஞ்சாலும் பார் முன்னாடி விழுந்துடும். 2000ல சிட்னியில மல்லேஸ்வரி ரெண்டு வகைத் தூக்குலயும் 110ம் 130மா மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினப்ப டிவி முன்னாடி உக்காந்து அழுதவன் நான். டோக்கியோவுல மீராபாய் சானு 49 கிலோ பிரிவுல 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கிச்சு. பாப்பாவைவிட எடை கம்மி. அந்த வீடியோவைப் போட்டு அது கால மட்டும் பாரு.

அம்மா (8.50): எல்லாம் சரி, விலை என்ன? அந்தப் படத்துல ஒண்ணு பத்தாயிரத்துக்கு மேல போட்டிருக்கு. எட்டு மாசமா ஜிம்முக்குப் போற புள்ளைக்கு அவ்ளோ வேணுமா?

சித்தப்பா (8.58): அண்ணி, நீங்க கேக்குறது சரி. அதனாலதான் காசு போடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. மாடிப்படிக்கு அடியில அலமாரி செஞ்சப்ப மிஞ்சின ப்ளைவுட் கிடக்கும், 19 மில்லிமீட்டர் கனம். நல்ல லிஃப்டிங் ஷூவுல குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அவ்ளோதான். நைக்கி ரோமாலியோஸ், அடிடாஸ் அடிபவர் ரெண்டும் 20 மில்லி பக்கம். பலகையைத் தரையில வழுக்காம வச்சு, குதிகாலை மட்டும் அது மேல ஏத்தி, வெறும் கம்பியோட உக்காந்து எழுந்திரி. எடை பிளேட் எதுவும் மாட்டாத. பலகை நகர்ந்தா ஆபத்து. அண்ணன் பக்கத்துல நிக்கட்டும். பலகை இல்லாம ஒண்ணு, பலகையோட ஒண்ணு, ரெண்டு வீடியோ.

அத்தை (9.15): ஜிம்மு பசங்க குதிகாலுக்கு அடியில பிளேட்டையே வச்சுக்கிட்டுப் பண்றாங்களே?

சித்தப்பா (9.19): பார்த்திருக்கேன். இரும்பு மேல வேர்வைக் கால், மேல பாரம். தினமும் செய்யுற வேலை இல்ல அது.

திங்கட்கிழமை

நான் (இரவு 7.44): (வீடியோ)

நான் (7.44): (வீடியோ)

நான் (7.46): சித்தப்பா, ரெண்டாவதுல என் இடுப்பு முட்டிக்குக் கீழ போயிடுச்சு. முதுகு நிமிர்ந்தே இருக்கு. எட்டு மாசத்துல இவ்ளோ ஆழம் போனதே இல்ல.

அண்ணன் (7.47): நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். வேற ஆள் மாதிரி உக்காருது.

சித்தப்பா (7.59): பார்த்தேன். நாலு தடவை பார்த்தேன். முதல் வீடியோவுல வலது குதிகால் எழும்பும்போதே இடுப்பு இடதுபக்கம் போகுது, கவனிச்சியா? ரெண்டாவதுல நடுவுலயே இறங்குது. உனக்குக் குதிகால் வேணும். அண்ணி, வாங்கிக் குடுங்க. இல்லன்னா நான் பாதி தர்றேன்.

அம்மா (8.03): நீங்க எதுக்குத் தம்பி. நான் குடுக்குறேன். எதை வாங்குறதுன்னு மட்டும் சரியா சொல்லுங்க.

சித்தப்பா (8.22): பாப்பா அனுப்பின மூணுல முதலாவது பார்க்க அழகா இருக்கு, ஆனா குதிகால் பூரா ஃபோம். உயரம் இருந்து என்ன, பாரம் ஏறினா அமுங்கிடும். பழைய குறை உசரமான இடத்துக்குப் போயிடும், அவ்ளோதான். மூணாவது குதிக்கிறதுக்கும் ஓடுறதுக்கும் எல்லாத்துக்கும்னு செஞ்சது, தட்டை. நடுவுல இருக்கிறதுக்குக் கெட்டி பிளாஸ்டிக் குதிகால், வித்தியாசம் 20 மில்லி, பாதத்து மேல பட்டை. அந்த மாதிரிதான் வேணும். வெளியில தெரியுற குதிகால் உயரத்தைப் பார்த்து ஏமாறாத. முன்பாதத்துக்கு அடியிலயும் கனம் இருக்கும், அதைக் கழிச்சு வர்றதுதான் கணக்கு. பட்டை அலங்காரத்துக்கு இல்ல, இறங்கும்போது பாதம் முன்னாடி வழுக்காமப் பிடிக்கும்.

அக்கா பாண்டி (8.30): அளவு ஓடுற ஷூ மாதிரி விரல் முன்னாடி இடம் விட்டு எடுக்காத. விரல் மடங்கக் கூடாது, ஆனா குதிகால் உள்ள எழும்பவும் கூடாது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்ப பேப்பர் மேல நின்னு கோடு போட்டு சென்டிமீட்டர் அள. பெரிய காலோட அளவை எடு. ஒவ்வொரு கம்பெனி நம்பரும் ஒவ்வொரு மாதிரி, சென்டிமீட்டர்தான் மாறாது.

அத்தை (8.41): எனக்கும் முட்டி வலிக்கு அப்படி ஒண்ணு வாங்கலாமா?

அக்கா பாண்டி (8.44): வேணாம் அத்தை. குதிகால் உசந்தா முட்டி இன்னும் முன்னாடி போகும், வேலை தொடைக்கும் முட்டிக்கும் கூடும். உங்களுக்கு நாற்காலியில உக்காந்து எழுந்திரிக்கிறதே இப்போதைக்குப் போதும். வியாழக்கிழமை பாண்டிக்கு வாங்க, நேர்ல பார்க்கிறேன்.

நான் (8.50): சித்தப்பா, உங்க காலத்துல இதெல்லாம் கிடைச்சுதா?

சித்தப்பா (9.12): எங்க கிடைச்சுது. ஓ.டி.யில, அதான் கடலூர் ஓல்டு டவுன்ல, செருப்பு தைக்கிற ஒரு பெரியவர் இருந்தார். பழைய தோல் பூட்ஸைக் கொண்டுபோய்க் குடுத்தேன். வேப்பமரத் துண்டை ஆப்பு மாதிரி சீவி, ஆணி அடிச்சு, மேல தோல் ஒட்டிக் குடுத்தார். எத்தனை மில்லின்னு அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, என்னை உக்காரச் சொல்லி உக்காரச் சொல்லி சீவினார். போட்டுக்கிட்டு நடந்தா டொக்கு டொக்குன்னு சத்தம். அந்த ஜோடியைப் பரண்ல வச்சிருந்தேன். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல ஓடு பறந்துச்சுல்ல, அப்ப போச்சு. வீட்டுல எவ்வளவோ போச்சு, எனக்கு இன்னும் மனசுல நிக்கிறது அதுதான்.

அம்மா (9.15): எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே தம்பி.

சித்தப்பா (9.16): யாரும் கேக்கல அண்ணி. பாப்பாதான் கேட்டுச்சு.

பன்னிரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை

நான் (மாலை 5.20): (படம்) வந்துடுச்சு!

சித்தப்பா (5.22): அட்டையைக் கிழிக்காத. வீட்டுக்குள்ள டைல்ஸ் மேல மட்டும் போட்டுப் பார்த்துட்டு, குதிகால் பிடிக்குதான்னு பாரு. பொருந்தலன்னா திருப்பி அனுப்பணும். கட்டைவிரலால குதிகாலை அழுத்து, உள்ள போகக் கூடாது.

நான் (5.31): கல்லு மாதிரி இருக்கு. அளவு கச்சிதம்.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 8.05): (வீடியோ)

நான் (8.06): 50 கிலோ, அஞ்சு தடவை, மூணு செட். பத்து கிலோ குறைச்சுத்தான் ஆரம்பிச்சேன்.

அண்ணன் (8.09): தரையிலேர்ந்து பாரை இழுக்குற டெட்லிஃப்டுக்கு அந்த ஷூவைக் கழட்டச் சொல்லியிருக்கேன் சித்தப்பா. உசரத்துல நின்னு இழுத்தா தூரமும் கூடும், ஆளும் முன்னாடி சாயும்.

சித்தப்பா (8.15): அப்படித்தான் சொல்லிக் குடுக்கணும். பாப்பா, மூணாவது செட்டுல நாலாவது தடவை வலது முட்டி லேசா உள்ள வந்துச்சு. அது கால் களைப்பு, ஷூவோட குறை இல்ல. ஒரு மாசம் 60ஐத் தாண்டாத. படிக்கட்டுப் பயிற்சி நடக்குதா?

நான் (8.17): தினமும் ரெண்டு வேளை. வலது இப்ப 7 சென்டிமீட்டர்.

அக்கா பாண்டி (8.18): அருமை!!

சித்தப்பா (8.24): முடிச்சதும் ஷூவுக்குள்ள பேப்பர் திணிச்சு நிழல்ல காய வை. பைக்குள்ள போட்டு மூடினா நம்ம உப்புக்காத்துக்குப் பூஞ்சை பிடிச்சிடும். ரோட்டுல போட்டுக்கிட்டு நடக்காத. புதன்கிழமை காலைல ஆறு மணிக்கு மஞ்சக்குப்பம் வர்றேன். நேர்ல நின்னு பார்க்கணும்.

அம்மா (8.26): வரும்போது வெறும் வயித்தோட வாங்க தம்பி. மல்லாட்டை அவிச்சு வைக்கிறேன்.