முதல் தூண்டில்: காசைக் கரியாக்கியவர்கள் பேசுகிறோம்

வாவிக்கரை (கல்லடி):

தூண்டில் பழக ஆசைப்படுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ரொட் வாங்கலாம்?" நானும் அதைத்தான் கேட்டேன். கேட்ட இடம்தான் பிழை, கொழும்பில் ஒரு கடை. எங்கே பிடிக்கப் போகிறேன் என்று கடைக்காரர் விசாரித்தார். மட்டக்களப்பு என்றேன். நான் நினைத்தது அங்குள்ள வாவியை, ஆனால் மட்டக்களப்பு என்றால் அவருக்குக் கடல் மட்டும்தான். பன்னிரண்டு அடியில், மூன்று துண்டாகப் பூட்டுகிற கடற்கரைத் தடி ஒன்று, சட்டி மூடி அளவில் ஒரு ரீல், 40 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி (நைலோன் நூல்) என்று எல்லாம் கட்டித் தந்தார். அரை மாதச் சம்பளம் போயிற்று. பஸ்ஸில் அதைக் கொண்டுவந்த பாடு தனிக்கதை. அதற்கும் ஒரு டிக்கெட் போடலாமா என்று கொண்டக்டர் யோசித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனேன். 1924இல் கட்டிய இரும்புப் பாலம் அது. பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு பழையதில் பெரிய வாகன நெரிசல் இல்லை, நின்று தூண்டில் போடலாம். நான் தடியைப் பின்னால் கொண்டுபோய் ஓங்கினதும் சைக்கிளில் வந்தவர் குனிந்தார். ஈயம் எழுபது யார் தள்ளி, வாவி நடுவில் விழுந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலம் கழித்தும் பெருமை மட்டும்தான் இருந்தது.

எனக்கு நாலு பாகம் (இரு கையும் விரித்த நீளம் ஒரு பாகம்) தள்ளி ஒரு பொடியன், பன்னிரண்டு வயசு இருக்கும். பழைய பால்மா ரின்னில் தங்கூசியைச் சுற்றி வைத்திருந்தான். தடியும் இல்லை, ரீலும் இல்லை. தூணோடு ஒட்டினாற்போல நேரே கீழே விடுவதும் தூக்குவதுமாக இருந்தான். அவன் பையில் ஓரா நாலு, கீளி ஏழெட்டு. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மீன் இஞ்ச காலடிக்குள்ள கிடக்கு, நீங்க ஏன்கா அங்கால எறியிறீங்க?"

தூணில் பாசியும் சிப்பியும் படிந்திருக்கும், அதைக் கொறிக்க மீன் வரும், நிழலும் இருக்கும். நடுவில் மீன் இல்லாமல் இல்லை, ஆனால் அங்கே தேடிப் பிடிக்க வேண்டும். அவனுடைய தூண்டில் முள்ளை வாங்கிப் பார்த்தேன். என் சின்னவிரல் நகத்தின் பாதிகூட இல்லை. என்னுடைய முள்ளில் அந்த ஓராவையே மாட்டித் தொங்கவிடலாம்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான். நான் கடையில் தடியிலிருந்து தொடங்கினேன், தொடங்க வேண்டியது மீனின் வாயிலிருந்து. எந்த மீன் என்று முதலில் முடிவெடுங்கள். அதன் வாய்க்கு அளவான முள், முள்ளுக்கு ஏற்ற நூல், நூலுக்கு ஏற்ற தடி, கடைசியில் ரீல். இந்த வரிசையில் போனால் காசு மிஞ்சும்.

முள்ளின் இலக்கம் புதியவர்களைக் குழப்பும். இலக்கம் கூடக் கூட முள் சிறிதாகும். யப்பான் மீனுக்கும் (திலாப்பியா) ஓராவுக்கும் 8, 10 போதும். 1 வந்த பிறகு கணக்குத் திரும்பி 1/0, 2/0 என்று பெருக்கத் தொடங்கும். செப்பலிக்கும் சின்னப் பாரைக்கும் 1/0. உயிருள்ள மணலை மீன் குஞ்சு குத்திக் கொடுவா மீனுக்கு வைப்பதென்றால் 4/0 வரைக்கும் போகலாம்.

வாவியில் தொடங்குகிறவருக்கு ஏழு அடித் தடி, 2500 அல்லது 3000 என்று எழுதிய ஸ்பின்னிங் ரீல், 12 இறாத்தல் தங்கூசி. இவ்வளவுதான். தங்கூசி வலைக்குத்தான் தடை இருக்கிறது, தூண்டில் நூலுக்கு இல்லை, பயப்பட வேண்டாம். நூலை ரீலில் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். இரண்டு மில்லிமீற்றர் குறைவாக விடுங்கள். நிரம்பி வழிந்தால் எறியும்போது கொத்தாகக் கழன்று குருவிக்கூடு கட்டும், பிறகு இருட்டில் இருந்து அதைப் பிரிக்க வேண்டியதுதான்.

இனி என் பெரிய நட்டம். வாவி கடலோடு சேர்கிற பாலமீன்மடு முகத்துவாரப் பக்கம், வெளிச்சவீடு தெரிகிற தூரத்தில் ஒரு மாலை. அதற்குள் ஏழு அடித் தடிக்கு மாறியிருந்தேன். உயிர் இறால் குத்தி விட்டிருந்தேன். அடித்தது கொடுவா. ஒருதரம் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. ஒரு முழத்துக்குக் குறையாது. மீன் இழுத்தால் நூலை வழுக்கி விடுகிற பிடிதான் ரீலின் டிராக், அதை நான் திருகாணி முறுக்குவதுபோல இறுக்கி வைத்திருந்தேன், மீன் ஓடிவிடக் கூடாதாம். இரண்டாவது இழுவையில் எல்லாம் இலேசாகிவிட்டது.

பக்கத்தில் வீச்சு வலையோடு நின்ற ஐயா ஒருவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அறுந்த நுனியக் காட்டு மனே" என்றார். ரோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நுனி பன்றி வால் மாதிரிச் சுருண்டிருந்தது. "நூல் அறயில்ல, முடிச்சு வழுக்கியிருக்கு" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் நுனியைப் பார்க்கிறேன். சுருண்டிருந்தால் முடிச்சில் பிழை. கத்தியால் வெட்டியதுபோலச் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் பேத்தை கடித்திருக்கும், அதன் பல் கிளிச்சொண்டு மாதிரி. பஞ்சு பறந்து சொரசொரவென்று இருந்தால் கல்லில், தூணில், இல்லாவிட்டால் கொடுவாவின் செவுள் மூடியில் உரசியிருக்கும். அந்த மூடியின் ஓரம் அவ்வளவு கூர், கையை உள்ளே விட்டுத் தூக்கப் பார்க்காதீர்கள். கொடுவாவுக்கென்றே போகிறவர்கள் முள்ளுக்கு முன்னால் ஒரு பாகம் நீளத்துக்கு 40 இறாத்தல் தடித்த நூல் போடுவது இதற்காகத்தான். கொழும்புத் தங்கூசி கடைசியில் அதற்குத்தான் உதவியது.

முடிச்சு இப்படி: நூலை முள்ளின் கண்ணுக்குள் விட்டு, தன் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, கண்ணோடு ஒட்டியிருக்கும் சின்ன வளையத்துக்குள் நுழைத்து, அப்போது உண்டாகிற பெரிய வளையத்துக்குள்ளும் ஒருதரம் விடவேண்டும். இழுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உரசல் சூட்டில் நூல் அந்த இடத்திலேயே பலம் கெடும். நான் நனைத்ததே இல்லை, சுற்றும் மூன்றுதான் போட்டிருந்தேன்.

டிராக்குக்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. 12 இறாத்தல் என்றால் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. டிராக் அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வழுக்க வேண்டும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, ரீலிலிருந்து வரும் நூலில் கட்டித் தூக்குங்கள். தொங்கவேண்டும், சற்று உதறினால் கிர்ரென்று இறங்கவேண்டும். அவ்வளவு இறுக்கம் போதும்.

உன்னிச்சைப் பக்கத்து அம்மா:

ரீலும் டிராக்கும் படித்துத் தலை சுற்றுகிறது. நான் பிள்ளைகளோடு குளத்தில் பிடிப்பது எட்டு அடி மூங்கில் கம்பால். கம்பு நீளத்துக்கு நூல், மயிலிறகுத் தண்டில் மிதப்பு, மிளகளவு ஈயம், 10ஆம் இலக்க முள். இரை பாண். பாணின் வெள்ளையைக் கொஞ்சம் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, பட்டாணி அளவில் உருட்டிக் குத்துவோம். யப்பான் மீனுக்கு இதைவிட வேறொன்றும் தேவையில்லை. நாக்குளிப் புழு (மண்புழு) குத்தினால் கெளிறு மீனும் வரும்.

மிதப்பு நேராக நின்று நுனி மட்டும் தெரிய வேண்டும். படுத்துக் கிடந்தால் ஈயம் காணாது, முழுக்க அமிழ்ந்தால் ஈயம் கூட. என் சின்ன மகள் இதை இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். மிதப்பு துடிக்கும்போது இழுக்காமல், சாய்ந்து ஓடும்போது இழுக்கவேண்டும் என்று இப்போது அவள்தான் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவர் வாங்கிய ரீல் தடி அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

கெளிறு பற்றி ஒன்று. முதுகில் ஒரு முள், இரண்டு பக்கச் செட்டையிலும் ஒவ்வொன்று. போன வருடம் மகன் கையில் ஏற்றிக்கொண்டு கதறிவிட்டான். தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் அரை மணிக்கு மேலே கையை வைத்திருந்ததில் வலி இறங்கியது. கையைப் பொசுக்குகிற சூடு இல்லை, பொறுக்கக்கூடிய சூடு. முதலில் என் கையை விட்டுப் பார்த்துத்தான் வைத்தேன். முள் உள்ளே முறிந்தாலோ ஆழமாகப் போனாலோ ஆஸ்பத்திரிதான். இப்போது மீனைப் பழந்துணியால் பொத்திப் பிடித்துத்தான் தூண்டில் முள்ளைக் கழற்றுகிறோம்.

வாவிக்கரை:

அக்கா, பாலத்தில் என்னைத் தோற்கடித்த பொடியனும் உங்கள் கட்சிதான்.

குளத்துக்கட்டு (அம்பாறை):

விரால் பிடிக்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். சல்வீனியா என்கிற மிதக்கும் களையும் தாமரை இலையும் மூடிக்கிடக்கிற ஓரம்தான் விராலின் வீடு. அங்கே சாதாரண முள்ளைப் போட்டால் மீனுக்குப் பதில் கொடிதான் வரும். ரப்பர் தவளை என்று விற்கிறார்களே, முள் முதுகோடு ஒட்டி மறைந்திருக்கும், அதைத்தான் இலைக்கு மேலே தத்தவிட வேண்டும். நூல் பிரெயிட் (பின்னல் நூல்), 30 இறாத்தலுக்குக் குறையாமல். கொடிக்குள்ளிருந்து பிடுங்கி எடுக்கப் பலம் வேண்டும்.

நான் முதல் மாதத்தில் தவறவிட்டது பதினொன்றோ பன்னிரண்டோ. காரணம் பதற்றம். தண்ணீர் வெடித்ததும் கை தானாக இழுத்துவிடும், தவளை வாயை விட்டுப் பறந்து வந்து நெற்றியில் அடிக்கும். வெடித்த பிறகு ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி, நூல் பாரமானதும் இழுக்க வேண்டும். சொல்ல இலேசு. எனக்கு இன்னும் பாதி நேரம் வராது.

தண்ணீரின் மேல் செம்மஞ்சளாக ஒரு கூட்டம் கொதித்துக்கொண்டு நகர்வதைக் கண்டால் அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் பாயும். அந்த நேரத்தில் பிடிப்பது பெரிய கெட்டித்தனம் என்று சிலர் படம் போடுகிறார்கள். காவல் போனால் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீனுக்குச் சாப்பாடு. நான் எறிவதில்லை.

அப்புறம் முதலை. குளமோ வாவியோ, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று எறியாதீர்கள், ஒரே இடத்தில் நாளும் குந்தி மீன் கழுவாதீர்கள். பொழுது பட்டால் யானை தண்ணீருக்கு வரும். ஐந்தரைக்கு நான் சுருட்டிவிடுவேன், மீன் அடித்தாலும் சரி.

ஒலுவில் கரை:

வாவிக்கரை அண்ணன், கொழும்புக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். அந்தப் பன்னிரண்டு அடித் தடி எங்கள் பக்கக் கடற்கரைக்குச் சரியான சாமான். அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஈயம் விழ வேண்டும், ஏழு அடியால் அது நடக்காது. தடியில் பிழையில்லை, தண்ணீர்தான் மாறிப்போயிற்று.

ரீலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என் முதல் ரீல் ஆறு மாதத்தில் செத்தது. மீன் பிடித்துச் சாகவில்லை, உப்பில் செத்தது. வாப்பா சொல்லியும் கேட்காமல் வீட்டுக்கு வந்ததும் மூலையில் சாத்திவிடுவேன். ஒருநாள் சுழற்றினால் மணல் அரைக்கிற சத்தம். இப்போது வந்தவுடன் டிராக்கை இறுக்கிவிட்டு, குழாய்த் தண்ணீரை மெல்லியதாகத் திறந்து கழுவுகிறேன். இறுக்காவிட்டால் டிராக்குக்குள் தண்ணீர் இறங்கும். பைப்பை அழுத்திப் பீச்சினால் உப்பு இன்னும் உள்ளேதான் போகும். துடைத்துக் காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வைப்பேன். வாவித் தண்ணீர் உப்புக் குறைவு என்று நம்பி விடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

காற்றையும் பார்த்து வாங்க. வாடை தொடங்கி மாரிக் கடல் குமுறுகிற நாளில் கரையில் நின்று வேலையில்லை. அந்த மழைக்கு மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கலங்கிக் கடலுக்கு இறங்கும், கொடுவாக்காரர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். இழுப்பு உள்ள இடத்தில் தனியே நிற்க வேண்டாம், மணல் திட்டுக் காலோடு கரையும்.

அது சரி, அந்தத் தடியைத் தருவீர்களா? விலை சொல்லுங்கள்.

வாவிக்கரை:

தம்பி, நுனித் துண்டு போன வருடம் முருங்கைக்காய் பறிக்கப் போய் முறிந்துவிட்டது. மாமி கேட்டார், மறுக்க முடியவில்லை. மற்ற இரண்டு துண்டும் ரீலும் புதிதாகவே இருக்கின்றன, கடலையே காணாதவை. நுனிக்கு வேறு தடியின் துண்டு பொருந்துமா என்று வந்து பாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் பாலத்தடியில்தான் நிற்பேன். கல்முனையில் வலைக்கடைப் பக்கம் போனால் 10ஆம் இலக்க முள் ஒரு பக்கெட் எனக்கு வாங்கிவாருங்கள், கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.